எஸ்.பி.எம். முடிந்தது, அடுத்து எது? ப்ரீ-யூ படிப்புகள் பற்றிப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கிள்ளானில் பல வருடமாக பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் வாட்ஸ்அப்பில் முதலில் வருவது ‘நன்றி சார்’. அரை மணி கழித்து வருவது ‘சார், அடுத்து என்ன போடலாம்?’ கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். கல்விக் கண்காட்சிக்குப் போய் ஒரு பை நிறையக் கையேடுகளை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டிவிட்டு, “எல்லாத்துலயும் இதுதான் பெஸ்ட்னு போட்டிருக்கு சார்” என்பார்கள். வருடா வருடம் ஒரே பதிலைக் குரல் பதிவில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சான்றிதழின் பெயரைவிட, அதற்குள் பிள்ளை எந்தப் பாடங்களை எடுக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

9ஏ வாங்கினாலும் நேராகப் பல்கலைக்கழகம் போக முடியாதா?

பட்டப்படிப்புக்குப் பொதுவாக முடியாது. நம் ஊரில் பள்ளிப் படிப்பு 11 வருடம்: ஆரம்பப்பள்ளி 6, இடைநிலைப்பள்ளி 5. இந்தியாவில் பிளஸ் டூ முடிக்க 12 வருடம், இங்கிலாந்தில் ஏ லெவல் முடிக்க 13. உலகப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பாடத்தை அந்த 12, 13 வருடத்தை மனதில் வைத்துத்தான் தொடங்குகின்றன. நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் ப்ரீ-யூ. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, முதலாம் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்த பிள்ளைகள் 12 வருடம் படித்துவிட்டார்களே என்று ஒரு தாத்தா என்னிடம் வாதாடினார். நியாயம்தான். ஆனால் அந்த வருடத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுப்பதில்லை.

விதிவிலக்கு இரண்டு உண்டு. டிப்ளோமாவும், அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டமும் எஸ்.பி.எம். முடித்த கையோடு தொடங்கலாம். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

மொத்தம் எத்தனை வகை?

உள்நாட்டு வழிகள் மூன்று: ஆறாம் படிவமான எஸ்.டி.பி.எம்., கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன், அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படைப் படிப்பான அசாசி. வெளிநாட்டுச் சான்றிதழ் தரும் வழிகளில் இங்கே அதிகம் கிடைப்பவை இங்கிலாந்தின் ஏ லெவல், ஐ.பி. டிப்ளோமா, ஆஸ்திரேலியாவின் சாம், ஆஸ்மேட், கனடாவின் சி.பி.யூ. இவற்றோடு தனியார் பல்கலைக்கழகங்களின் பவுண்டேஷன். சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளின் யூ.இ.சி. இருக்கிறது என்றாலும், அதற்கு முன்பே அந்தப் பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்தவர் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

எஸ்.டி.பி.எம். உள்ளூர்ச் சரக்குதானே? வெளிநாட்டில் செல்லுமா?

செல்லும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

உங்கள் அப்பா காலத்து ஆட்கள் எச்.எஸ்.சி. என்பார்களே, அது கேம்பிரிட்ஜோடு கைகோத்து நடந்த தேர்வு. 1982 முதல் அதன் இடத்துக்கு வந்ததுதான் எஸ்.டி.பி.எம். அதாவது ஏ லெவலுக்கு இது பங்காளி முறை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் என்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எஸ்.டி.பி.எம். மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகின்றன. நம் பிள்ளைகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு இதை வைத்து விண்ணப்பிக்கிறார்கள்.

2012 முதல் இது மூன்று தவணையாக நடக்கிறது. மொத்தம் ஒன்றரை வருடம். ஒவ்வொரு தவணை முடிவிலும் தேர்வு. முதல் இரண்டு தவணைகளில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. பொது அறிவுப் பாடமான பெங்ஙாஜியான் ஆம் கட்டாயம், அதோடு மூன்று பாடம் எடுப்பதுதான் வழக்கம். மதிப்பெண் 4.00க்குள் சராசரியாக வரும். தனியாக மூவெட் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும்.

கடினம் என்பது உண்மை. பாடம் ஆழமானது, புத்தகம் தடிமன், முதல் தவணையில் நல்ல பிள்ளைகளே தடுமாறுவார்கள். அரசுப் பள்ளியில் செலவு என்று பார்த்தால் புத்தகமும் பஸ் கட்டணமும்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் பொது விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கும்போது 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை என்று கணக்குப் போடுவார்கள். ஆறாம் படிவத்தில் கழகம், விளையாட்டு என்று ஓடியாடுவது வீண்வேலை இல்லை.

மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதை விடலாமா?

உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் விடாதீர்கள். ஒரே வருடம், செலவும் குறைவு. இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு என்பது பழைய ஏற்பாடு. 10ஏ, அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். ஒரே குறை, வெளிநாடு போக நினைத்தால் இந்தச் சான்றிதழுக்கு ஏ லெவல், எஸ்.டி.பி.எம். அளவுக்குப் புழக்கம் இல்லை.

ஏ லெவல் எப்படி நடக்கிறது? ஏன் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்?

இங்கிலாந்தில் 1951இல் தொடங்கிய தேர்வு இது. ஆங்கிலேயர் கால் பட்ட நாடுகள் எல்லாவற்றிலும் இதற்கு மதிப்பு இருக்கிறது, மற்ற நாடுகளும் ஏற்கின்றன. ‘எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை’ என்கிற வீட்டுக்கு இது பாதுகாப்பான தேர்வு. அதனால்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மூன்று பாடம் போதும், நான்கு எடுப்பவர்களும் உண்டு. நான்காவது பாடத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். மேற்கணிதம் எடுக்கிற பொறியியல் பிள்ளை, மருத்துவத்துக்காக அறிவியலில் மூன்றும் கணிதமும் வேண்டும் என்கிற பிள்ளை, இவர்களுக்குச் சரி. ‘நாலு ஏ வாங்கினா கெத்து’ என்பது காரணம் இல்லை. மூன்று ஏ ஸ்டாருக்கு இடம் தருகிற பல்கலைக்கழகம், நான்கு பி-க்குத் தராது.

படிப்பு இரண்டு பாதி: முதலில் ஏ.எஸ்., பிறகு ஏ2. இங்கிலாந்திலேயே இப்போது ஏ.எஸ். மதிப்பெண்ணை ஏ லெவலோடு சேர்ப்பதில்லை. நம் ஊரில் நடக்கும் கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனலில் முதல் பாதியை ஓர் அமர்விலும் அடுத்த பாதியை இன்னோர் அமர்விலும் எழுதி, இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏ.எஸ்.ஸில் உச்சம் ஏ. 2010இல் வந்த ஏ ஸ்டார் முழு ஏ லெவலுக்கு மட்டும். தேர்வுகள் மே-ஜூனிலும் அக்டோபர்-நவம்பரிலும். முடிவு முறையே ஆகஸ்டிலும் ஜனவரியிலும் வரும். இன்னொரு வாரியமான பியர்சன் எடெக்செலில் பாடத்தைத் துண்டு துண்டான அலகுகளாகப் பிரித்திருப்பார்கள், சரியாக வராத அலகை மட்டும் மறுபடி எழுதலாம். கல்லூரியில் சேரும்முன் எந்த வாரியம் என்று கேளுங்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று முகப்பில் உட்கார்ந்திருப்பவர் சொன்னால், பாடம் நடத்துகிற ஆசிரியரிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

என் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். கேம்பிரிட்ஜ் பிசிக்ஸில் மூன்றாம் தாள் முழுக்கச் செய்முறை: இரண்டு மணி நேரம், 40 புள்ளி, இரண்டு பரிசோதனை. ஒரு கம்பி, ஒரு அளவுகோல், ஒரு ஸ்டாப்வாட்ச் அவ்வளவுதான் மேசையில் இருக்கும். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸ் வாங்கிய ஒரு பையன், முதல் மாதிரித் தேர்வில் அட்டவணை போட்டான். அலைவு நேரம் என்று தலைப்பு எழுதினான், அலகு போடவில்லை. ஒரு வரிசையில் 1.2, அடுத்த வரிசையில் 1.25, அதற்கடுத்து 1.3. அளந்தது அத்தனையும் சரி, கோடும் நேராகத்தான் வந்தது. ஆனாலும் புள்ளி போய்விட்டது. ஒரே கருவியில் அளந்தால் தசமத்துக்குப் பின் ஒரே எண்ணிக்கையில் இலக்கம் வர வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஏ லெவல் கடினம் என்கிறார்களே, அது பாதி இந்த மாதிரி விஷயம்தான். பாடம் எஸ்.பி.எம்.மின் தொடர்ச்சியாகவே இருக்கும், கேட்கிற விதம்தான் வேறு.

ஐ.பி. பணக்காரப் பிள்ளைகள் படிப்பது என்கிறார்களே?

நம் ஊரில் பெரும்பாலும் அனைத்துலகப் பள்ளிகளில் இருப்பதால் கட்டணம் அதிகம். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் ஐ.பி. படித்து வந்தவர்களும் இருக்கிறார்கள். நாடு விட்டு நாடு மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எங்கும் செல்லுபடியாகிற ஒரே சான்றிதழ் வேண்டும் என்று யோசித்ததில், 1968இல் ஜெனீவாவில் பிறந்த அமைப்பு இது.

இரண்டு வருடம், ஆறு பாடம். அவற்றில் பொதுவாக மூன்றை உயர் நிலையிலும் மூன்றைச் சாதாரண நிலையிலும் படிக்க வேண்டும். பாடத்துக்கு 7 என்று 42 புள்ளி. அதற்கு மேல் 4,000 சொல் அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும், அறிவைப் பற்றிய சிந்தனை என்கிற பாடமும் சேர்ந்து 3 புள்ளி. மொத்தம் 45. டிப்ளோமா கைக்கு வர குறைந்தது 24 புள்ளி வேண்டும். சமூக சேவை, கலை, உடற்பயிற்சி என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குப் புள்ளி கிடையாது, ஆனால் முடிக்காவிட்டால் டிப்ளோமாவே கிடையாது.

ஒரு எச்சரிக்கை, இதில் கணிதம் இரண்டு வகை. பகுப்பாய்வு வகை ஒன்று, பயன்பாட்டு வகை ஒன்று. பெயரைப் பார்த்து ‘பயன்பாடு என்றால் இன்ஜினியரிங்குக்கு ஏற்றது’ என்று நினைத்துவிடுவார்கள். நிலைமை தலைகீழ். பொறியியலுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பது பகுப்பாய்வு வகையை, அதுவும் உயர் நிலையில். இரண்டாம் வருடத்தில் இது தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ரசிக்கிற, எழுதப் பிடித்த பிள்ளைக்கு ஐ.பி. அருமையான படிப்பு. கணிதமும் பிசிக்ஸும் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிற பிள்ளையை இதில் தள்ளினால் இரண்டு வருடமும் வீட்டில் சண்டைதான்.

சாம், ஆஸ்மேட் என்கிற இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஏட்டார் 90 என்றால் 90 மார்க்கா?

சாம் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தினுடையது, ஆஸ்மேட் மேற்கு ஆஸ்திரேலியாவினுடையது. இரண்டும் ஐந்து பாடம், ஏறக்குறைய ஒரு வருடம். சாமில் 70 விழுக்காடு வருடம் முழுக்கச் செய்கிற வேலைக்கு, 30 விழுக்காடு கடைசித் தேர்வுக்கு. ஆஸ்மேட்டில் பாதிக்குப் பாதி.

ஏட்டார் என்பது ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் இடம் தரப் பார்க்கிற எண். அது மார்க் இல்லை, வரிசை எண். 90 என்றால், அந்த வயதுப் பிள்ளைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறார் என்று பொருள். உச்சம் 99.95. அதனால் ‘என் பிள்ளைக்கு ஏட்டார் 80, எஸ்.பி.எம். 80 போல’ என்று ஒப்பிடாதீர்கள். பலரும் ஒரே அளவில் மார்க் வாங்கும்போது அரை மார்க்கில் வரிசை மாறும்.

‘தேர்வு குறைவு, அதனால் ஈஸி’ என்று சேர்கிறவர்கள் மார்ச் மாதத்திலேயே விழி பிதுங்குவார்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் திங்கட்கிழமையைச் சொல்கிறேன். செவ்வாய் கெமிஸ்ட்ரி வகுப்புத் தேர்வு, புதன் ஆங்கிலக் கட்டுரை, வெள்ளி பிசிக்ஸ் ஆய்வறிக்கை, 1,500 சொற்களுக்குள். ஐந்து பாடத்திலும் ஏதாவது ஒன்று எப்போதும் கெடுவில் நின்றுகொண்டிருக்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அது கடைசி மதிப்பெண்ணில் தெரியும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உழைக்கிற பிள்ளைக்குச் சாம் வரம். கடைசி இரண்டு மாதம் மாடு மாதிரிப் படித்து மேலே வருகிற பிள்ளைக்கு ஏ லெவலோ எஸ்.டி.பி.எம்.மோதான் சரி.

ஆஸ்திரேலியா போகாதவர்களுக்கும் இந்தச் சான்றிதழ்கள் பயன்படும். உள்ளூர்த் தனியார் பல்கலைக்கழகங்கள் ஏட்டாரை ஏற்கின்றன, இங்கிலாந்திலும் பல இடங்களில் ஏற்பார்கள்.

கனடாவின் சி.பி.யூ.?

ஒன்டாரியோ மாநிலத்தின் 12ஆம் வகுப்பு. ஆறு பாடம், ஆங்கிலம் கட்டாயம், ஒரு வருடம். இங்கும் 70 விழுக்காடு வகுப்பு வேலை, 30 விழுக்காடு இறுதி மதிப்பீடு. முடிவு விழுக்காட்டில் வரும், அதனால் பெற்றோருக்குப் புரிய எளிது. மேடையில் நின்று பேசவும் குழுவாக வேலை செய்யவும் பழக்குவார்கள். கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் ஒரே வருடத்தில் வேறு ஆளாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பவுண்டேஷன் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. அதில் என்ன தப்பு?

தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அது ஒரே வீட்டின் சாவி. எந்தப் பல்கலைக்கழகம் நடத்துகிறதோ அதற்குள் போக எளிது, வேறிடம் போக வேண்டும் என்றால் அந்த வேறிடம் மனது வைக்க வேண்டும். மாணவி ஒருத்தி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பவுண்டேஷனை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். பிறகு அப்பாவுக்கு ஜோகூருக்கு வேலை மாற்றம். அங்கே விண்ணப்பித்த இடத்தில் ‘இந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொல்கிறோம்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு தவணை போய்விட்டது.

என்ன படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் இரண்டும் உறுதி என்றால் பவுண்டேஷன் நல்ல குறுக்கு வழி. இரண்டில் ஒன்று சந்தேகம் என்றால் கொஞ்சம் நீளமான வழியைப் பாருங்கள்.

டாக்டராக வேண்டும். எதை எடுக்க வேண்டும்?

எந்தச் சான்றிதழ் என்பது இரண்டாவது கேள்வி. உயிரியல், வேதியியல் இரண்டும் கட்டாயம், மூன்றாவதாக பிசிக்ஸ் அல்லது கணிதம். ஏ லெவல், எஸ்.டி.பி.எம். இரண்டிலும் நம் நாட்டுக் குறைந்தபட்சத் தகுதி மூன்று பி அளவில் இருக்கிறது. அதோடு எஸ்.பி.எம்.மிலும் அறிவியல் பாடங்கள், கணிதம் உட்பட ஐந்து பாடத்தில் குறைந்தது பி வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏ லெவலில் மூன்று ஏ வாங்கி, எஸ்.பி.எம். பிசிக்ஸில் சி வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடும். குறைந்தபட்சம் என்பது வாசல்படி மட்டும். நல்ல மருத்துவக் கல்லூரிகள் கேட்பது அதைவிட அதிகம்.

வெளிநாட்டில் மருத்துவம் படிக்க நினைத்தால், பணம் கட்டும்முன் அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று மன்றத்திடமே பாருங்கள். ஏஜென்ட் காட்டுகிற பட்டியல் எந்த வருடத்தது என்று உங்களுக்குத் தெரியாது.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட்டையும் எழுத வேண்டியிருக்கும். மருத்துவத்துக்கும், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பக் கெடு அக்டோபர் 15. அதாவது ஏ லெவல் இறுதி முடிவு வருவதற்குப் பல மாதம் முன்பே, ஆசிரியர் கணித்துக் கொடுக்கிற மதிப்பெண்ணை வைத்து விண்ணப்பிக்க வேண்டும். முதல் வருடத்தில் விளையாட்டாக இருந்துவிட்டு ‘கடைசியில் பிடித்துவிடுவேன்’ என்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வக்கீல் படிப்புக்கு?

எந்தப் பாடமும் கட்டாயம் இல்லை என்று சொல்வார்கள், அது பல்கலைக்கழகத்தில் நுழைவதற்கு. இங்கே தொழில் செய்ய வேண்டுமே, அதற்குச் சட்டத் தொழில் தகுதி வாரியம் தனியாக விதி வைத்திருக்கிறது. எந்த ப்ரீ-யூ-வை ஏற்பார்கள், எஸ்.பி.எம். மலாய்மொழியில் என்ன தேர்ச்சி வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் கையில் இருந்தும், அடியில் இருக்கிற ப்ரீ-யூ சரியில்லை என்றால், இங்கே வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய சி.எல்.பி. தேர்வை எழுத முடியாது. நான்கு வருடத்துக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது, இன்றைக்கே கேளுங்கள்.

அமெரிக்கா போக ஏ.பி. படிக்கலாமா?

ஏ.பி. என்பது ஒரு முழுப் படிப்பு இல்லை. பாடம் பாடமாக மே மாதத்தில் எழுதுகிற தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் படிக்கும் பிள்ளை கூடுதலாக எழுதுவது அது. நம் ஊர்ப் பிள்ளைக்கு ஏ லெவலோ ஐ.பி.யோ போதும். உயர் நிலையில் நல்ல புள்ளி எடுத்தால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றைத் தள்ளுபடி செய்யும். இன்னொரு வழி, நான் முதலில் சொன்ன அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டம். எஸ்.பி.எம். முடித்து இங்கேயே பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடம் வரை படித்துவிட்டு அங்கே மாறலாம். டிப்ளோமாவும் அப்படித்தான்: எஸ்.பி.எம்.மில் மூன்று கிரெடிட் (சி, அதற்கு மேல்) இருந்தால் சேரலாம், முடித்தால் சம்பந்தப்பட்ட பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் நுழைய வாய்ப்பு உண்டு. எஸ்.பி.எம். சரியாக அமையாத பிள்ளைக்கு டிப்ளோமா ஒரு மானமுள்ள வழி. சொந்தக்காரர் கேட்டால் குரலைத் தாழ்த்திச் சொல்லாதீர்கள்.

செலவுக்கு என்ன செய்வது? பி.டி.பி.டி.என். கிடைக்குமா?

பி.டி.பி.டி.என். என்பது அரசாங்கக் கல்விக் கடன். ஏ லெவல், சாம், சி.பி.யூ.வுக்கு அந்தக் கடனை நம்பாதீர்கள். அது டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்குமானது. ப்ரீ-யூ செலவு அநேகமாக உங்கள் பையிலிருந்துதான். தனியார் கல்லூரி ஏ லெவலுக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். விளம்பரத்தில் போடுவது கல்விக் கட்டணம் மட்டும். தேர்வுக் கட்டணம், ஆய்வுக்கூடக் கட்டணம், தங்குமிடம் தனி.

எஸ்.பி.எம்.மில் நிறைய ஏ இருந்தால் கல்லூரிகளே கட்டணத்தில் கழிவு தரும். கேட்டால்தான் சொல்வார்கள். அந்தக் கழிவைத் தக்கவைக்க ஒவ்வொரு தவணையும் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அரசாங்கத்தின் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ., பெட்ரோனாஸ், கசானா, பேங்க் நெகாரா போன்றவர்களின் உபகாரச் சம்பளம் கிடைத்தால், என்ன படிப்பது என்பதையும் எந்த ப்ரீ-யூ என்பதையும் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்வார்கள். சிங்கப்பூர் போனால் அந்த அரசின் கல்விக் கட்டண மானியம் உண்டு. அதை வாங்கும் வெளிநாட்டு மாணவர், படித்து முடித்தபின் மூன்று வருடம் அங்கே வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும்.

பட்டப்படிப்புக்கு வைத்திருக்கும் பணத்தை ப்ரீ-யூவில் கரைத்துவிட்டு மூன்றாவது வருடத்தில் வீட்டை அடகு வைத்த குடும்பம் ஒன்றை அறிவேன். மொத்தக் கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள்.

தமிழை ஒரு பாடமாக எடுக்கலாமா?

எஸ்.டி.பி.எம்.மில் தமிழ்மொழி இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் நடத்துவதில்லை, பள்ளியைத் தேடித்தான் சேர வேண்டும். ஐ.பி.யில் ஒரு அழகான ஏற்பாடு உண்டு. பள்ளியில் தமிழ் ஆசிரியர் இல்லாவிட்டாலும், தாய்மொழி இலக்கியத்தைச் சாதாரண நிலையில், பள்ளியின் துணையோடு தானே படித்துத் தேர்வு எழுத வழி இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் தமிழ் இலக்கியம் எடுத்த பிள்ளை இருந்தால் பள்ளியின் ஐ.பி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ‘முடியாது’ என்பார்கள், இரண்டாம் முறை கேட்டால் கையேட்டைப் புரட்டுவார்கள்.

எஸ்.பி.எம். முடிவு வருவதற்கு முன்பே சேரச் சொல்கிறார்களே?

பள்ளியின் சோதனைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சேர்த்துக்கொள்வார்கள். நேரம் மிச்சமாகும் என்பது சரி. ஆனால் உண்மையான முடிவு வந்தபின் தகுதி இல்லை என்று ஆனாலோ, மெட்ரிகுலேஷன் கிடைத்தாலோ கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? இதைக் கையெழுத்துப் போடும்முன் கேளுங்கள். எனக்கே ஓர் அனுபவம்: என் தம்பி மகனுக்கு ஒரு கல்லூரியில் முன்பதிவுப் பணம் கட்டினோம். ஆறு வாரத்தில் மெட்ரிகுலேஷன் கடிதம் வந்தது. ‘திரும்பத் தரப்படும்’ என்று வாயால் சொன்னவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் வேறு கதை இருந்தது.

பாதியில் மாறலாமா?

முதல் மூன்று, நான்கு வாரத்துக்குள் என்றால் பாடத்தை மாற்றுவது எளிது. அதற்குப் பிறகு ஏ லெவலிலிருந்து சாமுக்கோ சாமிலிருந்து ஏ லெவலுக்கோ போவது என்றால் ஆரம்பத்திலிருந்துதான், மதிப்பெண் கூடவே வராது. பிள்ளை ‘பிடிக்கலை’ என்றால் எது பிடிக்கவில்லை என்று பிரித்துக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பாடம் புரியவில்லை என்பது ஒன்று, பாடமே வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவது மூன்று மாதத்தில் சரியாகிவிடும். மலாய்மொழியில் அறிவியல் படித்த பிள்ளைகள் ‘டாயா’ என்று யோசித்து ‘ஃபோர்ஸ்’ என்று எழுதப் பழகக் கொஞ்ச காலம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கண்காட்சிக்குப் போகிறோம். கல்லூரிக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

‘எத்தனை பேர் 4ஏ எடுத்தார்கள்?’ என்று கேட்காதீர்கள், அது பேனரிலேயே இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு வரை உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். பிசிக்ஸ் வகுப்பில் எத்தனை பேர், செய்முறை வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆய்வுக்கூடத்தை இன்றைக்குப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போன வருடம் ஆசிரியர் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள். பிள்ளை படிக்க நினைக்கும் பட்டப்படிப்பின் பெயரையும், இரண்டு மூன்று பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கத்தில் ‘கேட்கப்படும் பாடங்கள்’ என்று இருப்பதை முந்தின இரவே பிள்ளையை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பேசுவதும் பிள்ளையாகவே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று கட்டண விவரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.